முகக்கவசம் போட்டால் பலன் உண்டா?

(புத்தளத்துக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



நீங்கள் வந்து இறங்கியிருக்கிற இந்தப் புத்தளத்திலும், பக்கத்துச் சிலாபத்திலும் 2020 மார்ச் 18ஆம் திகதியே கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டார்கள். நாடு முழுக்க அது வந்தது இரண்டு நாள் கழித்துத்தான். அந்த வருடம் ஒக்டோபரில், முகக்கவசம் போடாவிட்டால் 10,000 ரூபா வரை தண்டம் என்று சட்டமும் வந்தது. தோட்டத்தில் ஆயிரம் ரூபா நாள் சம்பளம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம் அது! பொலிசுக்குப் பயந்து போட்டோம், பிறகு கழற்றிப் போட்டோம். இப்போது, "மாஸ்க் எல்லாம் சும்மாங்க, வெளிநாட்டுல ஆராய்ந்து சொல்லிட்டாங்க" என்று சிலர் பேசுகிறார்கள்.

அவர்கள் சொல்வது டென்மார்க் ஆராய்ச்சியை. 2020இல் சுமார் 6,000 பேரில் பாதிப் பேருக்கு முகக்கவசம் கொடுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அவர்களில் ஆயிரத்துக்கு 18 பேருக்கும், மற்றவர்களில் 21 பேருக்கும் நோய் வந்தது. இந்த வித்தியாசத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஊரில் மற்றவர்கள் பெரும்பாலும் போடவில்லை. போட்டவருக்குக் காப்பு உண்டா என்று மட்டுமே பார்த்தார்கள். இருமுகிறவர் போட்டால் பக்கத்தில் இருப்பவர் தப்புவாரா என்று பார்க்கவில்லை.

பங்களாதேசத்தில் சுமார் 600 கிராமங்களில் வேறு விதமாகச் செய்தார்கள். பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படியும் நூற்றுக்கு 42 பேர்தான் ஒழுங்காகப் போட்டார்கள். அதற்கே, வைத்தியசாலை முகக்கவசம் கொடுத்த கிராமங்களில் நோய் நூற்றுக்கு 11 பங்கு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 35 பங்கு. துணி முகக்கவசத்தில் தெளிவான பலன் தெரியவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது தென்னாபிரிக்கக் கணக்கு. 2012இல் வெளியானது. மருந்துக்கு அடங்காத சயரோக நோயாளிகள் இருந்த வாட்டின் காற்றைக் கினிப்பன்றிகளின் கூட்டுக்குள் விட்டார்கள். நோயாளிகள் முகக்கவசம் போடாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90இல் 69க்கு நோய் தொற்றியது. போட்ட நாட்களின் காற்றில் 90இல் 36தான்.

லயத்துக் காம்பராவில் ஆறேழு பேர் ஒன்றாகப் படுக்கிறோம். குளிர் என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். தூங்கும்போது யார் முகக்கவசம் போடப் போகிறார்கள்? அதனால் பகலிலாவது கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். இருமுகிறவர் வீட்டிலும், பஸ்ஸிலும், பிள்ளைக் காம்பராவிலும் வைத்தியசாலை முகக்கவசம் போடட்டும். மூக்கையும் மூட வேணும், நாடியில் தொங்கவிட்டால் பலனில்லை. கிழவன் கிழவி இருக்கிற வீட்டில் இதில் இன்னும் கவனம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் முகக்கவசத்தை நம்பி இருக்காதீர்கள். சளியைச் சோதிக்க அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். சோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள்.