புதுக் குளத்தின் தண்ணீர்க் கணக்கு

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீச்சல் குளத்துக்கு என்னதான் ஆயிற்று என்று பத்து நிமிடத்தில் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்துக்குப் பதினைந்து ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காமர்ஸ் படித்தவன். கெமிஸ்ட்ரியைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டேன். வேலையெல்லாம் வங்கி கவுன்டரில். இருந்தாலும் இந்த ஐந்து வாரமாகக் குளத்தங்கரையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். குளத்தை நிரப்பினார்கள், ரிப்பன் வெட்டினோம், குழந்தைகள் குதித்தார்கள். நான்காம் நாள் பிள்ளைகளின் கண் சிவந்தது. ஆறாம் நாள் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியது. டைல்ஸ் மேல் வெள்ளைப் பொடி படிந்தது. பில்டர் அனுப்பிய ஆள் குளோரின் போட்டார். கலங்கல் போகவில்லை. மறுபடி போட்டார். வாசனை மட்டும் பி பிளாக் மூன்றாவது மாடி வரைக்கும் வந்தது. கடைசியில், "சார், தண்ணி கெட்டுப்போச்சு. மொத்தத்தையும் இறைச்சுட்டுப் புதுசா ரொப்பிடுவோம்" என்றார்.

நம் குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 86.4 கன மீட்டர், அதாவது 86,400 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் ஏழு டேங்கருக்கும் மேல். குடிக்கவும் குளிக்கவும் நாம் டேங்கருக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் கோடையில் இவ்வளவு தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குத்தான் இதில் தலையிட்டேன்.

முதலில் செய்தது ஒரு சின்ன சோதனை. கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, சமையலறையில் இருந்த வினிகரைக் கொஞ்சம் விட்டேன். கலங்கல் கண் முன்னே தெளிந்துவிட்டது. டைல்ஸ் மேலிருந்த வெள்ளைப் பொடியில் வினிகர் பட்டதும் நுரைத்தது. அழுக்கோ பாசியோ என்றால் வினிகருக்குத் தெளியாது. தெளிந்தது என்றால் அது சுண்ணாம்பு. ஆக, தண்ணீர் கெட்டுப்போகவில்லை. தாங்கமுடியாத அளவு சுண்ணாம்பைச் சுமந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, டேங்கர் தண்ணீர். அதுவும் போர் தண்ணீர்தான். நம் வீட்டு கீசரிலும் ஷவரிலும் உப்பு கட்டுகிறதே, அதே தண்ணீர். இன்னொன்று, புது சிமென்ட். சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. அது பல வாரங்களுக்குத் தண்ணீரில் கசிந்துகொண்டே இருக்கும். "குளம் முழுக்க டைல்ஸ்தானே" என்று கேட்பீர்கள். டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமென்ட். ஓரத்தில் வழிகிற தண்ணீர் போய்ச் சேரும் பேலன்சிங் டேங்கின் உட்புறத்தில் டைல்ஸே கிடையாது, வெறும் சிமென்ட் பூச்சு. புது சம்ப் கட்டினால் முதல் ஒன்றிரண்டு தடவை நிரப்பி வெளியே விடுவோம் இல்லையா, காரணம் இதுதான். ஆனால் சம்ப் சின்னது. குளத்தை இறைத்துவிட்டு அதே போர் தண்ணீரை நிரப்பினால், அதே உப்பும் வரும், சிமென்ட்டும் மறுபடி கசியும். ஏழு டேங்கர் போனதுதான் மிச்சமாக இருக்கும்.

சரி, சுண்ணாம்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், குளோரின் ஏன் வேலை செய்யவில்லை? விஷயமே இங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்பு கசிந்தால் தண்ணீரின் பி.எச். ஏறும். ஏழு என்றால் நடுநிலை, மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம். குளத்துக்கு 7.2 முதல் 7.8 வரை இருக்கவேண்டும். நாம் போடும் குளோரினில் கிருமியை வேகமாகக் கொல்வது ஒரு பகுதிதான். பி.எச். 7.5 இருந்தால் ஏறத்தாழ பாதி அப்படி வேலை செய்யும். 8 ஆனால் கால் பங்கு. நான் முதல் நாள் பார்த்தபோது 8.4. அங்கே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். பத்து ரூபாய் போட்டால் கணக்கில் ஒரு ரூபாய் ஏறுகிற மாதிரி. அதற்கு மேலும் மேலும் பணம் போட்டு என்ன பிரயோஜனம்? முதலில் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

கண் எரிச்சலுக்கும் வாசனைக்கும் குளோரின் அதிகம் என்பது காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். உண்மை வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. நல்ல குளத்தில் வாசனையே பெரிதாகத் தெரியாது. நம் கண்ணீரின் பி.எச். ஏறத்தாழ 7.4. அதிலிருந்து தண்ணீர் வெகுதூரம் விலகினால் கண் எரியத்தான் செய்யும். எனவே குளிக்கும் முன் ஷவரில் நனையுங்கள், சின்னப் பிள்ளைகளை பாத்ரூம் போக வைத்துவிட்டு இறக்குங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அல்கலினிட்டி. பி.எச். அங்கும் இங்கும் துள்ளாமல் பிடித்து வைப்பது இதுதான். வங்கிக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்கலாம். ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். குறைவாக இருந்தால் பி.எச். நிலைக்காது. அதிகமாக இருந்தால் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். அதுவும் நம்முடையது ஓரத்தில் வழிந்து விழும் குளம். விழுகிற தண்ணீர் காற்றோடு கலக்கும்போது அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. நம் முதல் நாள் அல்கலினிட்டி 240. புது சிமென்ட், போர் தண்ணீர், வழிகிற ஓரம் மூன்றும் சேர்ந்துதான் நம்மைப் படுத்தியிருக்கின்றன.

மூன்றாவது கால்சியம் ஹார்ட்னஸ். 200 முதல் 400 வரை. நம்முடையது 380. இங்கே ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு கேட்டார், "நம்ம சாஃப்ட்னர் தண்ணியை விட்டு நிரப்பிட்டா என்ன?" கூடாது. தண்ணீருக்குச் சுண்ணாம்புப் பசி உண்டு. நாம் கொடுக்காவிட்டால் அது டைல்ஸ் இடுக்கு சிமென்ட்டை அரித்துத் தின்னும். அதிகமானால் டைல்ஸ் மேல் உமிழும். இந்தக் கொடுக்கல் வாங்கலை 1936-இல் லாங்லியர் என்ற கலிபோர்னியா பேராசிரியர் ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்தார். பி.எச்., அல்கலினிட்டி, கால்சியம், வெப்பம், கரைந்த உப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்து விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், தண்ணீர் எடுக்கவும் இல்லை கொடுக்கவும் இல்லை. வரவு செலவு டாலி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆழமான பக்கத்தில், தண்ணீரில் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சுற்றிவர ஊற்றுவது. ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் இல்லை. நம் குளத்தில் அது அல்கலினிட்டியை ஒன்பது, பத்து பிபிஎம் இறக்கும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி அளப்பது. தினமும் டைல்ஸைத் தேய்த்து, ஃபில்டரை பேக்வாஷ் செய்வது. நான்கு வாரத்தில் 18 தடவை, 27 லிட்டர் ஆசிட். முதல் வாரம் காலையில் இறக்கினால் மறுநாள் காலையில் பி.எச். பழையபடி ஏறி நிற்கும். மனசு விட்டுப்போகும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறுவது குறைந்தது. இன்றைய கணக்கு: பி.எச். 7.5, அல்கலினிட்டி 110, குளோரின் 2. அடியிலிருக்கும் வடிகால் மூடியின் ஓட்டைகளை எண்ணலாம்.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒரு விஷயம். இரண்டாவது வாரம் நம் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு மூச்சு முட்டி, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "கவனக்குறைவு" என்று குழுவில் யாரோ எழுதினார்கள். கவனக்குறைவு அவனுடையது அல்ல, என்னுடையது. அன்று கமிட்டி பார்க்க வருகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். "சீக்கிரம்ப்பா, குளோரினையும் ஆசிட்டையும் முடிச்சுட்டு வா" என்றேன். திரவ குளோரின் கொண்டுபோன பக்கெட்டின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதிலேயே ஆசிட்டை ஊற்றினான். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மஞ்சள் பச்சையாகப் புகை எழும்பியதை நான் பார்த்தேன். கதவு மூடிய பம்ப் ரூமாக இல்லாமல் திறந்த வெளியாக இருந்ததால் பிழைத்தோம். ஊரிலிருந்து அவன் அம்மா போனில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நீச்சல் குளத்து வேலைன்னுதானே சார் அனுப்பினேன்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இதைக் குழந்தைகள் உட்பட எல்லோரும் நினைவில் வையுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒருபோதும் சேரக்கூடாது. பக்கெட் தனி, வைக்கும் இடம் தனி, ஊற்றும் நேரம் தனி. தண்ணீரில்தான் ஆசிட்டை விடவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விடக்கூடாது. குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடர் வகையையும் ஒரே டப்பாவில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யார் வேலை செய்தாலும் நிறுத்துங்கள்.

மாத்திரை என்றதும் ஒன்று. "மிதக்கும் டப்பாவில் மாத்திரை போட்டால் தினமும் பார்க்க வேண்டாமே" என்கிறார்கள். அந்த மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் ஆசிட் என்ற ஸ்டெபிலைசரும் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதைந்துபோகாமல் காப்பது அதுதான், 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. ஆனால் மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேரும். தினம் 2 பிபிஎம் என்றால் மாதத்துக்கு 36. மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். குளோரின் தானாகக் கரைந்துபோகும், இது போகாது. அளவு மீறினால் குளோரினின் கையைக் கட்டிவிடும். அதைக் குறைக்க ஒரே வழி தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்ப்பது. எந்த ஏழு டேங்கரைக் காப்பாற்றினோமோ, அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டவேண்டி வரும். அதனால் தினசரிக்குச் சூரியன் இறங்கிய பிறகு திரவ குளோரின். மாத்திரை, ஆள் இல்லாத நாளுக்கு மட்டும்.

கடைசியாக நான்கு வேண்டுகோள்.

முதலாவது, பதிவேடு. தினமும் இரண்டு வேளை பி.எச்., குளோரின். வாரம் ஒருமுறை அல்கலினிட்டி. மாதம் ஒருமுறை கால்சியமும் ஸ்டெபிலைசரும். என்ன போட்டோம், எவ்வளவு, யார் போட்டது, எத்தனை மணிக்கு. கையெழுத்தோடு. அளக்காமல் ஒரு மூடி மருந்தும் போடக்கூடாது.

இரண்டாவது, நல்ல டெஸ்ட் கிட். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. கிட் வாங்க வேண்டும். தண்ணீரை மேலாக மொள்ளாமல், முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, பில்டரிடமிருந்து குளத்தைப் பொறுப்பேற்கும் காகிதத்தில், தொடர்ந்து முப்பது நாள் பதிவேட்டு அளவுகள் சரியாக இருந்த பிறகே கையெழுத்து. தண்ணீர் பளபளவென்று இருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் ஆளின் சட்டையைப் பார்த்துக் கடன் கொடுத்த கதையாகிவிடும்.

நான்காவது, தம்பிக்கு முறையான பயிற்சி, பாதுகாப்புச் சாமான்கள், இரண்டு தனித்தனிப் பூட்டிய அலமாரிகள். இதற்குப் பட்ஜெட்டில் இடமில்லை என்றால் குளத்தைத் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்தப் பதிவேட்டைக் காலையில் நான் எழுதிக்கொள்கிறேன். மாலைக்கு ஒருவர் தேவை. பத்து நிமிட வேலை. பெயர் கொடுப்பவர்கள் இப்போதே செயலாளரிடம் கொடுக்கலாம். நேற்று மாலை தம்பியே நோட்டை வாங்கி, அவன் கையெழுத்தில் முதல் வரி எழுதினான்: "7.5, 2. ரெண்டு பக்கெட்டும் கழுவியாச்சு." எனக்கு அது போதும்.