பின் அக்சில் ஒயில் லீக்: நமுனுகுல கராஜ்களின் கைப்பக்குவம்

கெப் வாகனத்தின் பின் சில்லுக்கு உட்புறம் ஒயில் வடிந்து டயர் ஓரம் கறுத்துக் கிடந்தால், "சீல் போய்விட்டது" என்று ஒரே வரியில் காரணம் சொல்வது வழக்கம். சீலை மாற்றுவார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி வடியும். மறுபடி மாற்றுவார்கள். மூன்றாம் தடவையும் வடிகிற அக்சிலில் பழுது பெரும்பாலும் சீலில் இருப்பதில்லை. சீலைத் தின்கிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதில்தான் கைதேர்ந்த கராஜ் பாஸ் ஒருவரின் வேலை தனித்துத் தெரிகிறது.

நமுனுகுல மலைத்தொடர் 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. பதுளை நகரமோ ஏறக்குறைய 700 மீட்டரில் இருக்கிறது. ஸ்பிரிங்வெலி வழியாகவும் பசறை வழியாகவும் ஏறி இறங்கும் வண்டிகளில் பல, இருபது முப்பது வருஷம் ஓடியவை. உர மூட்டை, விறகு, மரக்கறி எல்லாம் அவற்றில்தான் ஏறுகின்றன. ராத்திரியில் நோவு கண்ட கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவைதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் பழைய வண்டியைச் சாகாமல் வைத்திருக்கும் வித்தை தெரிந்தவர்கள்தான் இந்தத் தோட்டப்புறங்களை ஓடவைத்தார்கள்.

ஹைலக்ஸ் போன்ற கெப்களில் பல மாதிரிகளின் பின் அக்சில் அமைப்பு ஒன்றுதான். நடுவில் டிப்பிரன்ஷல், அதிலிருந்து இரு பக்கமும் ஹவுசிங் குழாய், குழாய்க்குள் ஷாஃப்ட். ஷாஃப்ட் சில்லைச் சுற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. குழாயின் நுனியில் ஒரு பெயரிங், அதற்கு உட்பக்கம் ஒயில் சீல். டிப்பிரன்ஷல் ஒயில் பிரேக் டிரம்முக்குள் போகாமல் தடுப்பது இந்த ஒரு சீல்தான். பெரிய லொறிகளில் ஷாஃப்ட் சில்லைச் சுற்றுவதோடு சரி, பாரத்தைத் தனி ஹப் ஒன்று சுமக்கும். ஆகவே அங்கே லீக்கின் கதையும் வேறு.

ஒரு காலத்தில் சீல்கள் தோலால் செய்யப்பட்டன. ஜெர்மனியில் 1849இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய பிராய்டன்பெர்க் நிறுவனம், 1930களில் தோல் சீலிலிருந்து செயற்கை ரப்பர் சீலுக்கு மாறியது. இன்று கடையில் வாங்கும் சீலிலும் அடிப்படை அதேதான்: இரும்பு வளையம், ரப்பர் உதடு, உதட்டை ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பி. உதடு ஷாஃப்ட்டை உலர்ந்த நிலையில் உரசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒயில் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அந்தப் படலம் அறுந்தால் உதடு கருகும். தடித்தால் ஒயில் வெளியே வரும்.

வேலையில் முதற்படி, கசிவது எது என்று தெரிந்துகொள்வது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே ஈரம் கண்டால் அது டிப்பிரன்ஷல் ஒயிலாகவும் இருக்கலாம், வீல் சிலிண்டரிலிருந்து வந்த பிரேக் ஒயிலாகவும் இருக்கலாம். டிப்பிரன்ஷல் ஒயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். மூக்கு சரியாகச் சொல்லாவிட்டால் ஒரு தகரப் பேணியில் தண்ணீர் எடுத்து அந்த ஈரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துபோகும். டிப்பிரன்ஷல் ஒயில் கண்போல வட்டமாக மிதக்கும். இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் அக்சிலைப் பிரித்து, நல்ல சீலைக் கழற்றி எறிந்த வேலைகள் ஏராளம். லீக் டிரம்முக்கு வெளியே என்றால் ஹவுசிங்கை நன்றாகக் கழுவி, காயவிட்டு, முகப்பவுடர் தூவிப் பசறை வரை ஒரு ஓட்டம் ஓட்டிவந்தால் போதும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வாசல். முன்பக்கப் பினியன் சீல், டிப்பிரன்ஷல் கேஸ்கட், வடிகுழாய் ஆணியின் வாஷர் ஆகியவை இப்படிப் பிடிபட்டுவிடும்; அவற்றைச் சரிசெய்வதும் எளிது.

திரும்பத் திரும்ப வரும் லீக்குக்கு முதற் சந்தேகநபர் ஷாஃப்ட். சீலின் உதடு வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஓடி இரும்பிலேயே ஒரு தடத்தைத் தேய்த்துவிடுகிறது. அதைக் கண்ணால் பார்ப்பது கடினம். ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை நீளவாட்டில் மெதுவாக இழுத்தால், தடம் வரும் இடத்தில் நகம் தட்டி நிற்கும். நகம் நின்ற ஷாஃப்ட்டில் எவ்வளவு விலையுயர்ந்த சீல் போட்டாலும் லீக் நிற்காது. சிலர் அந்த இடத்தை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். தாள் சாய்வாக ஓடினால் ஷாஃப்ட்டில் திருகாணி மரைபோல நுண்ணிய கீறல்கள் விழும்; ஷாஃப்ட் சுற்றும்போது அந்தக் கீறல்களே ஒயிலை வெளியே இறைக்கும். சரியான வழிகள் மூன்று: அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய எஃகு உறையைத் தடத்தின்மேல் இறுக்குவது, இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பதித்து உதட்டைப் புது இடத்தில் ஓடவிடுவது, இரண்டும் முடியாவிட்டால் ஷாஃப்ட்டையே மாற்றுவது. சில வண்டிகளில் உதடு ஓடுவது பெயரிங்கைப் பிடித்திருக்கும் இரும்பு வளையத்தின்மேல். அங்கே வளையத்தைப் புதிதாக மாற்றினால் தடமும் போய்விடும். கழற்றிய வளையத்தை மறுபடி அடித்து ஏற்றுவது கூடாது. அதன் பிடி தளர்ந்துபோயிருக்கும். அந்தப் பிடி விட்டால் சில்லு ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும்.

அடுத்தது பெயரிங். தேய்ந்த பெயரிங்கில் ஷாஃப்ட் முடியளவு ஆடும். அந்த ஆட்டத்துக்கு உதடு ஈடுகொடுக்க முடியாது. சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். பெயரிங் புதிதாக இருந்தும் லீக் நிற்கவில்லையென்றால் வளைவைத் தேட வேண்டும். ஒரு டொன் ஏற்றவேண்டிய கெப்பில் ஒன்றரை டொன் ஏற்றிக் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஓட்டினால் ஷாஃப்ட்டோ ஹவுசிங்கோ வளையும். ஒரு கம்பித்துண்டை அசையாமல் கட்டி, அதன் நுனியைச் சில்லுப் பூட்டும் தட்டின் ஓரத்துக்கு மிக அருகில் வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்ற வேண்டும். கம்பிக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இதை லேத்தில் ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது.

இந்த வேலையில் அதிகம் கவனிக்கப்படாதது பிரீதர். ஹவுசிங்கின் மேலே விரல்நுனி அளவில் ஒரு சிறு மூடி. அக்சில் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசியும், ஒக்டோபருக்குப் பிறகு வரும் மழையில் சேறும் அதை அடைத்துவிடுகின்றன. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும் அக்சில் சூடாகி உள்ளே காற்று விரிகிறது. போக வழியில்லாத காற்று ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. புதுச் சீலும் இதற்கு விலக்கல்ல. சூடான அக்சில் ஓடை நீரில் இறங்கினால் கதை தலைகீழாகும். உள்ளே காற்றுச் சுருங்கி வெளித்தண்ணீரை உறிஞ்சும். வடித்தெடுத்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். ஐந்து நிமிஷத்தில் கழற்றிக் கழுவக்கூடிய இந்த மூடியை முதலில் பாராமல் அக்சிலைப் பிரிப்பவரைத் தேர்ந்த பாஸ் என்று சொல்வது கடினம்.

ஒயில் மட்டத்துக்கும் மலைநாட்டில் தனிக் கவனம் வேண்டும். ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்புவரை ஒயில் நிற்பது சரியான அளவு. ஆனால் அது சமதரையில் நிற்கும் வண்டிக்கு. சரிவில் நிறுத்தி அளந்தால் அரை லீட்டர்கூட அதிகமாகிவிடலாம். தோட்டத்தில் சமதரை கிடைப்பது அரிது; பெக்டரி முற்றமோ விளையாட்டு மைதானமோதான் அளப்பதற்கு ஏற்ற இடம். லயத்துக்கு முன்னால் ஒரு பக்கம் சாய்ந்து இரவெல்லாம் நிற்கும் வண்டியில், தாழ்ந்த பக்கத்துச் சீல் விடியும்வரை ஒயிலில் மூழ்கிக் கிடக்கும். எப்போதும் ஒரே பக்கம் வடிந்தால், வண்டி எப்படி நிறுத்தப்படுகிறது என்று கேட்பதும் பரிசோதனையில் ஒரு பகுதிதான்.

பூட்டும்போது நடக்கும் பிழைகள் இன்னொரு பங்கு. சீலைச் சுத்தியலால் ஓரமாகத் தட்டினால் அது சாய்ந்து உட்காரும். சரியான அளவுக் குழாய்த்துண்டையோ பழைய பெயரிங்கின் வெளிவளையத்தையோ வைத்துச் சமமாக இறக்க வேண்டும். சுருள் கம்பி இருக்கும் பக்கம் ஒயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் ஒயிலோ கிறீஸோ தடவாமல் பூட்டினால் முதல் மைலிலேயே கருகும். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது அதன் பாரம் சீலின்மேல் சாயக்கூடாது. நுனியின் பற்கள் ஒருமுறை உரசினாலே புது உதடு கிழியும். ஒருவர் ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் சில்லுப் பக்கமிருந்து தள்ள வேண்டும். இது இரண்டு பேர் வேலை. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வரும் ஓட்டமும் சீலைக் கொல்லும். டிரம் கக்கும் சூடு பக்கத்திலேயே இருக்கும் ரப்பரைச் சுட்டு இறுக்கிவிடுகிறது.

ஒயில் குடித்த பிரேக் லைனருக்குப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி, காய்ந்ததும் மறுபடி பூட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஊறிய ஒயில் அடுத்த இறக்கத்தில் சூடேறியதும் வெளியே வரும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நமுனுகுலவிலிருந்து கீழே வரும் வளைவுகளில் அது உயிருக்கு ஆபத்து. ஒயில் ஊறிய லைனரை எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதிது போட வேண்டும். வேலை முடிந்து ஒரு கிழமை ஓடியபின் வண்டிக்காரர் கராஜுக்குத் திரும்பிவந்து, டிரம்மைக் கழற்றி உள்ளே காய்ந்திருக்கிறதா என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.