மயாமியில் மூன்று இரவு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மயாமி சவுத் பீச்சில் மூன்று இரவு தங்கினோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நம் பிளாக்குகளை இடித்துக் கட்டுவது பற்றிய பேச்சுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

முதலில், போகப் போகிறவர்களுக்கு. கடலைப் பார்த்த ஓஷன் டிரைவ் தெருவில் வரிசையாகச் சின்னச் சின்ன 'பூட்டிக்' ஓட்டல்கள். அறை அழகு, ஆனால் இரண்டு பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. ஆசைப்பட்டுத் தெருப்பக்க அறை வாங்கினேன். நள்ளிரவு தாண்டியும் கீழே பாட்டும் கூத்தும். மறுநாள் பின்பக்கம் மாற்றித் தந்தார்கள். நீங்கள் பதிவு செய்யும்போதே பின்பக்க அறை கேளுங்கள். வாடகை போக 'ரிசார்ட் ஃபீஸ்', வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.

கட்டடங்கள் பெரும்பாலும் 1930களில் எழுந்தவை. வளைந்த மூலைகள், ஜன்னலுக்கு மேல் நீண்ட சன்ஷேடு, நம் வீடுகளில் இருந்த அதே மொசைக் தரை. நம் பாரிமுனை டேர் ஹவுஸும் இந்த 'ஆர்ட் டெகோ' பாணிதான்.

1970களில் இவை சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தன. சொற்ப ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் அங்கே குறைந்த வாடகைக்கு இருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இடித்துவிட்டு உயரமாகக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. பார்பரா கேப்பிட்மன் என்ற பெண்மணி 1976இல் சிலரைச் சேர்த்துக்கொண்டு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். 1979இல் அந்தப் பகுதி தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. அப்படியும் 1988இல் செனட்டர் ஓட்டலை இடித்தார்கள். மற்றவை பெரும்பாலும் தப்பின.

கட்டடம் தப்பியது. அந்தப் பெரியவர்கள்? இடத்துக்கு மவுசு வந்ததும் வாடகை ஏறியது. பலர் வெளியேற வேண்டியதாயிற்று. நான் படுத்த அறையில் என் வயதுக்காரர் ஒருவர் மாத வாடகைக்கு இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்தபின், பின்பக்க அறையிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாம் பில்டரிடம் எத்தனை சதுர அடி கூடும் என்று கேட்கிறோம். தப்பில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் கட்டி முடியும்வரை எங்கே இருப்பார்கள்? வேலை இழுத்தால் மாற்று வீட்டு வாடகை தொடர்ந்து வருமா? பராமரிப்புக் கட்டணம் இரண்டு மடங்கானால் ஓய்வூதியத்தில் கட்ட முடியுமா? வருஷக்கணக்காக இங்கே குடியிருக்கும் வாடகைக்காரர்களுக்கு எவ்வளவு அவகாசம்?

இவை வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் பக்கத்து வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள்.