ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு செய்யலாமா?



"வழக்கை இழுத்தடிப்பானேன்? ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். சரிப்படாவிட்டால் அப்பீல் செய்துகொள்ளலாம்." நம் மக்களில் பலர் இப்படி நினைக்கிறார்கள். இந்த எண்ணம் ஒருவரின் வேலைக்கும் எதிர்காலத்துக்கும் உலை வைத்துவிடலாம். அபராதத்தோடு முடிந்தாலும் குற்றத் தீர்ப்பு குற்றத் தீர்ப்புதான்.

அமெரிக்காவில், குற்றம் செய்தேன் என்று சொல்லாமலே, "எதிர்த்து வாதாடவில்லை" என்று கூறித் தண்டனையை ஏற்கும் முறை உண்டு. 1973-ஆம் ஆண்டில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ, வருமான வரி ஏய்ப்பு வழக்கில் அப்படித்தான் செய்தார். மலேசியாவில் அந்த நடுவழி கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது மறுத்து விசாரணை கோர வேண்டும்.

ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? நமது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர், தண்டனை அதிகம் என்றோ, அது சட்டப்படி செல்லாது என்றோ மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் 14 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். "நான் அதைச் செய்யவே இல்லை" என்று மேல்முறையீட்டில் சொல்ல வழியில்லை.

அதனால்தான் 173-ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. ஒப்புதலைப் பதிவு செய்யும் முன், அதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிகிறதா, எந்த நிபந்தனையுமின்றி ஒப்புக்கொள்கிறாரா என்பதை நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திருட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பொருளை எடுத்தேன், ஆனால் முதலாளி எனக்குக் கொடுத்தது என்றுதான் நினைத்தேன்" என்கிறார் ஒருவர். நேர்மையற்ற நோக்கம் இல்லாமல் திருட்டு இல்லை. ஆகவே இது ஒப்புதலே அல்ல. விசாரணைக்குப் போக வேண்டிய வழக்கு. இதைக் கவனியாமல் தண்டித்திருந்தால், உயர் நீதிமன்றம் தன் மறுஆய்வு அதிகாரத்தைக் கொண்டு பதிவேட்டை வரவழைத்துத் தீர்ப்பை ரத்து செய்யலாம். ஆனால் மறுஆய்வு நாம் உரிமையோடு கேட்டு வாங்கக்கூடியது அன்று. நீதிமன்றம் விரும்பினால் செய்வது. அது முதலில் புரட்டிப் பார்ப்பது வழக்குப் பதிவேட்டைத்தான். அந்த "ஆனால்" நீதிமன்றத்தில் சொல்லப்படாமல் மனத்துக்குள்ளேயே இருந்திருந்தால், பதிவேட்டில் அது இராது.

ஆகவே நேயர்களே, குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போது மொழி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் கேளுங்கள். வசதியில்லாத மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012-ஆம் ஆண்டு முதல் குற்றவியல் வழக்குகளில் உதவி வருகிறது. சொல்ல வேண்டிய "ஆனால்" ஏதும் இருந்தால், ஒப்புக்கொள்ளும் முன்பே அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.