போன் பழசா, பெட்டி பழசா?

(தோட்டக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையில் நாள் முழுக்க நின்று, கொழுந்து நிறுத்து, வீட்டில் அடுப்பையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நாம் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். வீட்டில் வைஃபை பெட்டி இருக்கிறது. மாதாமாதம் காசும் கட்டுகிறோம். அண்ணன் போனில் படம் தண்ணி மாதிரி ஓடுகிறது. தங்கச்சி போனில் பாடம் சுத்திக்கொண்டே நிற்கிறது. உடனே என்ன சொல்கிறோம்? "போன் பழசாப் போச்சு, புதுசு வாங்கணும்." அப்படிச் சொல்வதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை நாம் படித்துக்கொண்டது வட்டக்கச்சியில். கிளிநொச்சி டவுனுக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நெல் விளைகிற ஊர். உங்களில் பல பேருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருக்கும். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டுப் போன எத்தனையோ குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. நாம் போன வீடும் அப்படியொரு வீடுதான். பாட்டி இன்றைக்கும் நம்ம லயத்துப் பேச்சுப் பேசுகிறார். பேத்தி வன்னிப் பேச்சு. அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். பின்னேரத்தில் போனில் வகுப்பு.

"என்னாங்க சேர், காதுல கெடந்த தோட்டை அடகு வச்சாச்சு. நாளைக்குப் போய் போன் வாங்கணும்ங்கிறா இவ அம்மா" என்றார் பாட்டி. கடையில் போனைக் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரத் தம்பி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய மொடல், இனிச் சரிவராது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

நாம் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப இழுக்குது, தங்கச்சி?"

"வகுப்பு நேரத்தில மட்டுந்தான் சேர். மற்ற நேரம் பெரிசா ஒண்டுமில்லை. சிம் டேட்டாவில போட்டா வகுப்பும் வடிவா ஓடும். காசுதான் கரையுது."

பாதி விடை அந்தப் பதிலிலேயே இருந்தது. சிம்மில் அதே வகுப்பு ஓடுகிறதென்றால் போனின் மூளையில் கோளாறு இல்லை. அண்ணன் போன் வைஃபையில் ஓடுகிறதென்றால் கோபுரத்திலிருந்து பெட்டிக்கு வருகிற சிக்னலிலும் கோளாறு இல்லை. மிச்சம் இருப்பது பெட்டிக்கும் அந்த ஒரு போனுக்கும் நடுவில் இருக்கிற காற்று.

இந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைஃபை பெட்டிக்குச் சாதாரணமாக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். 2.4 நம்ம பழைய தோட்டத்து ரோட்டு மாதிரி. தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் ஒடுக்கம், எல்லா வண்டியும் அதில்தான். 5 அகலமான ரோட்டு, வேகம் கூட. இரண்டு சுவர் தாண்டினால் களைத்துப் போகும். விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுந்தான் தெரியும். போன் பெட்டியில் 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் பி, ஜி, என் என்ற எழுத்துக்கள் மட்டும் இருந்தால் அநேகமாக அந்த வகை. 'ஏசி' என்றும் இருந்தால் இரண்டு பாதையும் தெரியும். அண்ணன் போன் இரண்டும் தெரிந்தது. தங்கச்சி போன் ஒற்றைப் பாதை. கடைக்காரர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான்.

ஆனால் ஒற்றைப் பாதைப் போனும் ஒரு வகுப்புக்குத் தாராளமாகக் காணும். பிறகு ஏன் வகுப்பு நேரத்தில் மட்டும்? அவள் காதைப் பார்த்தோம். வயர் இல்லாத இயர்போன். மாமா கொழும்பிலிருந்து வாங்கிவந்து கொடுத்ததாம். அது புளூடூத்தில் ஓடுகிற சாமான். புளூடூத்தும் 2.4 பாதையில்தான் ஓடுகிறது. சிறிய போன்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அன்ரெனாதான் இருக்கும். ஒரு நொடிக்குள்ளேயே கொஞ்சம் இயர்போனுக்கு, கொஞ்சம் வைஃபைக்கு என்று முறை வைத்துக் கொடுக்க வேண்டும். காதுக்கு ஓசை தடங்காமல் போக வேண்டுமென்று வைஃபையைக் காக்க வைக்கும். அண்ணனிடமும் அதே மாதிரி இயர்போன் இருக்கிறது. அவர் வைஃபை 5இல் ஓடுவதால் இடிபடவில்லை.

புளூடூத்தை நிறுத்திவிட்டு அதே கதிரையில் உட்கார்ந்து வேகம் பார்த்தோம். முன்பு 3ஐத் தாண்டாத எண் 14இல் நின்றது. பழைய வயர் இயர்போன் ஒன்றை அலுமாரியில் தேடி எடுத்தார்கள். பாட்டிக்குச் சிரிப்பு, அம்மாவுக்கு ஆத்திரம். ஆத்திரம் தோட்டை நினைத்து. அடுத்த நாளே மீட்கப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

இன்னுமொன்றும் அங்கே செய்தோம். அவர்கள் பெட்டி 4ஜி சிம் போட்டது. அது இரும்பு அலுமாரிக்குப் பின்னால், பூச்சாடிக்குப் பக்கத்தில் அழகுக்காக வைக்கப்பட்டிருந்தது. 4ஜி பெட்டிக்கு இரண்டு வேலை: வெளியே கோபுரத்தோடு பேச வேண்டும், உள்ளே போனோடும் பேச வேண்டும். கோபுரம் இருக்கிற பக்கத்து ஜன்னலில் வைத்தால் முதல் வேலை சுகம். வீட்டு நடுவில் வைத்தால் இரண்டாவது சுகம். வட்டக்கச்சியில் வளவுகள் பெரிசு, வீடுகள் தள்ளித் தள்ளி, கோபுரமும் தூரம். ஆகவே பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, பிள்ளையின் படிக்கிற மேசையை அதற்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னோம். பெட்டியைப் போனுக்குக் கிட்ட நகர்த்த முடியாதென்றால் போனைப் பெட்டிக்குக் கிட்ட நகர்த்தலாம்தானே. இரும்பு, தகரம், தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, இவற்றுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள்.

இனி நம்ம லயத்துக்கு வருவோம். இங்கே கதை வேறு. வட்டக்கச்சியில் தூரம் பிரச்சினை. லயத்தில் நெருக்கம் பிரச்சினை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் ஒரு பெட்டி. போனில் வைஃபை அடையாளம் முழுசாகக் காட்டும், ஆனால் ஒன்றும் நகராது. அந்த அடையாளம் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று மட்டுமே சொல்லும். எத்தனை பேர் சேர்ந்து கத்துகிறார்கள் என்று சொல்லாது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை. சுறுசுறுப்பானவர் சாக்கை வைத்தார், நிறுத்தார், போனார். ஒருத்தர் மட்டும் சாக்கைக் கொட்டி, கட்டு அவிழ்த்து, திரும்பக் கட்டி நின்றால்? அவருக்கும் ஒரு முறைதான், ஆனால் அந்த ஒரு முறைக்குள் மற்ற எல்லாரும் நிற்க வேண்டும். வைஃபையும் அப்படித்தான். தூரத்தில் மூலையில் இருந்து மெதுவாகப் பேசுகிற ஒரு போன், பக்கத்திலேயே இருக்கிற நல்ல போனையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். 2003இல் பிரான்சில் கிரனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினார்கள். அந்தக் காலத்து வைஃபையில் எல்லாரும் 11 மெகாபிட்டில் பேசும்போது ஒருவர் மட்டும் 1 மெகாபிட்டுக்கு இறங்கினால், மற்றவர்களுக்குக் கிடைப்பதும் 1க்குக் கீழே போனது. புதிய பெட்டிகள் சிலவற்றில் ஆளுக்கு ஒரு முறை என்பதை விட்டு, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரிக்கிற ஏற்பாடு உண்டு. நம்ம கைக்கு வருகிற பெட்டியில் அது இருக்குமென்று நம்பியிருக்க முடியாது. ஆகவே பாவிக்காத பழைய போன், டிவி இவற்றின் வைஃபையை நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது சனல். 2.4 பாதையில் 13 சனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று முட்டாதவை என்று எடுத்தால் 1, 6, 11 என்ற மூன்றுதான். பக்கத்துக் காம்பராக்காரர் 6இல் இருக்கிறார் என்று நாம் தள்ளி 4இல் போய் நிற்பது புத்திசாலித்தனம் மாதிரித் தெரியும். உண்மையில் அது மோசம். ஒரே சனலில் இருக்கிற இரண்டு பெட்டியும் ஒன்றின் பேச்சு மற்றதுக்குக் கேட்டு, முறை வைத்துப் பேசும். 4க்கும் 6க்கும் பேச்சு விளங்காது, இரைச்சல் மட்டும் கேட்கும். லயத்தில் உள்ளவர்கள் ஒருநாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து உனக்கு 1, எனக்கு 6, அவருக்கு 11 என்று பேசிக்கொண்டால் காசு செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணிப் பைப்புக்கு முறை வைத்த நமக்கு இது கஷ்டமா? சனல் அகலம் என்று ஒன்று கேட்கும். லயத்தில் 20 போதும், 40 வேண்டாம்.

யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய பெட்டி என்றால் பூட்டையும் பாருங்கள். டிகேஐபி என்பது 2003 அளவில் அவசரத்துக்குச் செய்த பூட்டு. 2009இல் வந்த வேகமான 'என்' முறை அந்தப் பூட்டோடு வேலை செய்யாது. போன் புதுசாக இருந்தாலும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். டபிள்யூபிஏ2, ஏஈஎஸ் என்று மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் மாற்றுகிற இடம் பெட்டியின் அடியில் ஒட்டிய லேபலில் இருக்கும். 192.168 என்று தொடங்குகிற எண். அதைப் போனில் அடித்து உள்ளே போகலாம். போகும் முன் இருக்கிறபடி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்றை மாற்றி, பார்த்து, பிறகுதான் அடுத்ததை மாற்றுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எது சரிவந்தது என்று எங்களைக் கேட்டால் நாம் சோசியமா பார்ப்பது?

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் வீட்டில் உள்ள எல்லாப் போனும் இழுக்கிறதென்றால் மேலே சொன்ன ஒன்றும் உதவாது. டேட்டா முடிந்திருக்கும், அல்லது இரவு ஏழு எட்டு மணிக்குக் கோபுரத்தில் சனம் கூடியிருக்கும். டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். விடியற்காலையில் ஒருதரம் வேகம் பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள். கம்பனிக்குப் போன் எடுக்கும்போது அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த லேபலின் போட்டோவையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பாஸ்வேர்ட் இருக்கிற வரியை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.