சோப்புத் தொழிலும் தராசும்

(பெண்கள் கைத்தொழில் கூட்டமொன்றில் பேசியது)



வீட்டிலிருந்தபடியே சோப்புச் செய்து விற்றுப் பிழைக்க முடியுமா என்று உங்களில் பலர் கேட்டிருக்கின்றீர்கள். நான் ரசாயனப் பட்டம் பெற்றவனல்ல, கெட்டுக் கற்றுக்கொண்டவன். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். நிறுத்துப் பாருங்கள், சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சோப்பு என்பது என்ன? எண்ணெயும், தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. இதில் கைராசி என்பது ஏதுமில்லை. கணக்குத்தான் உண்டு. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாவதற்கு சுமார் 183 கிராம் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கோ சுமார் 136 கிராம் போதும். காரம் மிஞ்சாதிருக்க, அதிலும் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தே போடவேண்டும். அதாவது தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். தேங்காய் எண்ணெய் விலை ஏறிற்றென்று கடலை எண்ணெயை வாங்கி, பழைய வழக்கப்படியே 174 கிராம் சோடாவைப் போட்டேன். மிஞ்சிய 38 கிராம் காரம் சோப்பிலேயே நின்றது. என் தங்கையின் கை இரண்டும் வெந்துபோயின. வீட்டார் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். பழம் அறுத்த பிறகு அதே அளவில் செய்த சோப்பும் எரிந்தது! அளவைத் திருத்திய பிறகே எரிச்சல் நின்றது. கெட்டது கண்ணேறா, என் கணக்கா? நீங்களே சொல்லுங்கள்.

சோடாவைத் தண்ணீரில்தான் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். குழந்தைகள் அருகில் வரக்கூடாது. மேலே பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

வார்த்த கட்டிகளை 4 முதல் 6 வாரம் காற்றில் உலர்த்துங்கள். அதற்குள் தண்ணீர் வற்றி எடை குறையும். உலர்ந்தபின் நிறுத்த எடையையே உறையில் போடுங்கள். ஈரத்துக்கு விலை வாங்குவது மோசடியாகும்.

நம் நாட்டில் குளிக்கும் சோப்பைச் செய்து விற்க 2020ம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி லைசென்சு வேண்டும். "வீட்டில் செய்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே, கடன் வாங்கிச் சாமான் வாங்குமுன் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். அந்தச் செலவையும், எண்ணெய், சோடா, உறை, உங்கள் உழைப்புக் கூலி யாவற்றையும் சேர்த்தே விலை வையுங்கள். தன் கூலியைக் கணக்கில் சேர்க்காதவள் முதலாளியல்ல, சம்பளமில்லாத வேலைக்காரியேயாவாள்.

கடைசியாக ஒன்று. "இதைப் பூசினால் கறுப்பு வெளுக்கும், சொறி தீரும்" என்று அச்சிடாதீர்கள். சோப்பு அழுக்கை எடுக்கும், நிறத்தை எடுக்காது. கறுப்பு அழுக்குமல்ல, நோயுமல்ல. நம் தோலை நாமே இழிவென்று சொல்லிக் காசு வாங்குவதைவிடக் கேவலமான பிழைப்பு வேறு உண்டா? யோசித்துப் பாருங்கள். நல்ல நாள் பார்ப்பதை விட்டு, நல்ல தராசு ஒன்று வாங்கித் தொழிலைத் தொடங்குங்கள்.