குருதித் தட்டணுவும் மனச்சோர்வும்

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை, தறிநெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். துணி கொள்ள வரும் வணிகர் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஓரத்தை விரலிடையே தேய்த்து நூலின் தரத்தை அறிவர். மனநோயை ஆராய்ந்த அறிஞரும் அத்தகைய ஓர் ஓரத்தைத் தேடினர். உயிரோடிருப்பவரின் மூளையை அறுத்துப் பார்த்தல் ஆகாது; கையிலிருந்து சிறிது குருதி எடுத்தலோ எளிது.

குருதிக்கும் மனத்துக்கும் உறவு யாது? 1952ஆம் ஆண்டு நியூயார்க்கின் சீவியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்து தந்தனர். சோர்ந்து கிடந்தவர் உற்சாகமுற்றனர். மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை அம்மருந்து முடக்குதல் அவ்வாண்டிலேயே புலனாயிற்று. நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்களைச் சிதைப்பது இந்நொதியே. இது குருதித் தட்டணுக்களிலும் உண்டு. ஆனால் மூளையில் 'ஏ', 'பி' என இரு வகையாய் இருப்பது, தட்டணுவில் 'பி' வகை மட்டுமே. பாவைக் கண்டு ஊடையையும் மதிப்பிடுவது போன்றதே இச்சோதனை!

எனினும் ஆய்வு தொடர்ந்தது. களிவெறியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாளரின் தட்டணுக்களில் இந்நொதியின் செயல் குறைந்துள்ளதென 1972இல் மர்ஃபி, வைஸ் என்னும் அமெரிக்கர் இருவர் எழுதினர். ஒரு துளி குருதியால் மனநோயைக் கண்டறியலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. பின்வந்தோர் முடிவுகளோ ஒன்றோடொன்று ஒவ்வவில்லை. சிவப்பணுவில் சோடியத்தை வெளியேற்றும் நொதியையும் ஆராய்ந்தனர். அதனை விரிப்பின் பெருகும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் சிகரெட்டு. புகைப்போரின் தட்டணுக்களில் இந்நொதி தணிகிறது. பழக்கத்தை விட்டபின் மீளவும் ஏறுகிறது. புகைப்போரின் மூளையிலும் 'பி' வகை நொதி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருத்தலை 1996இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் படமெடுத்துக் காட்டினர். மனநோயாளரிடையே புகைப்போர் மிகுதி. அவ்வாறாயின் முன்னர்க் கண்ட குறைவில் நோயின் பங்கு எவ்வளவு, புகையிலையின் பங்கு எவ்வளவு? புகைப் பழக்கத்தைக் கேட்டுக் குறிக்காத ஆய்வுகளைக் கொண்டு இதற்கு விடை கூறல் அரிது.

ஆதலின் மனச்சோர்வை உறுதி செய்யும் குருதிச் சோதனை இன்றும் இல்லை. “சோதனையில் ஒன்றுமில்லையாம், எல்லாம் பாசாங்கு” என்று வீட்டார் கூறுவது எத்துணைக் கொடுமை! மருத்துவர் நோயாளியின் உறக்கம், பசி, பேச்சு, முன்வரலாறு ஆகியவற்றைக் கேட்டே நோயை அறிகிறார். குருதி எடுப்பாராயின், தைராய்டு சுரப்பு குறைந்துள்ளதா, சோகை உண்டா, லித்தியம் உண்பவராயின் அதன் அளவு எல்லை மீறாதிருக்கிறதா என்பவற்றை அறிதற்கே எடுக்கிறார்.